அடுப்ப மூடுங்க, கிளி வருது

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லா அடுப்பும் மூடிக் கிடக்கும். நெருப்பு அணையாமல் இருந்தால் அதன் மேல் ஒரு தாச்சிச் சட்டியைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். சோற்றுச் சட்டிக்கு மூடி, தண்ணீர் வாளிக்குப் பலகை, மர ஜன்னலுக்குக் கொக்கி. கதவையும் உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிடுவார்கள்.

வெளியாள் யாராவது அந்த நேரம் பார்த்து வந்திருந்தால் லயத்தில் ஏதோ கெட்டது நடந்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார். வரிசை வீடுகளான பத்துக் காம்பராவும் இருட்டுமுன்னே அடைத்துக் கிடந்தால் வேறு என்ன நினைப்பது? முன் திண்ணையான இஸ்தோப்பில் ஒரு ஆள் இருக்காது. நின்று காது கொடுத்தால்தான் உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கும்.

அப்படி ஒரு சாயங்காலம் இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது. வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் கட்டிலில் மல்லாந்து படுத்திருக்கிறார். நான் கூட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். கூட்டுக்குள் கங்காணி ஒரு காலை மாற்றி மறு காலை வைத்துத் தவிக்கிறது.

அவர் கையைத் தூக்கிச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினார். அந்தப் பக்கத்துக் காம்பராவில் ராசம்மா தன் மறுபக்கச் சுவரில் தட்டினாள். அதற்கு அடுத்த காம்பரா, அதற்கும் அடுத்தது என்று சத்தம் போய்க்கொண்டே இருந்து கடைசியில் தேய்ந்து போனது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கடைக் காம்பராவிலிருந்து பதில் தட்டுக் கிளம்பி ஒவ்வொரு சுவராகத் திரும்பி வந்தது. கடைசித் தட்டு ராசம்மாவுடையது. அவள் எப்போதும் சிரட்டை அகப்பையின் காம்பால்தான் தட்டுவாள்.

"வந்துருச்சு லெச்சு. தொற" என்றார்.

நான் கூட்டைத் திறந்தேன்.

கங்காணி யார்?

தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் ஆயா வேலை பார்த்து நான் பட்ட பாட்டையெல்லாம் இந்தப் பக்கத்தில் வாராவாரம் படித்துவிட்டு ஒரு வாசகி போனில் கேட்டார். "ஊர்ப் பிள்ளைங்க கதையெல்லாம் எழுதுறீங்க, ஒங்க வீட்டுக்காரரப் பத்தி ஒரு வரி காணோமே. சண்டையா?" என்று.

சண்டை ஒன்றும் இல்லை அம்மா. எழுத உட்கார்ந்தால் கை ஓடுவதில்லை, அவ்வளவுதான். இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் மலையில் நிழல் மரங்களுக்குக் கிளை வெட்டிக்கொண்டிருந்தவர். மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் மரத்திலிருந்து வழுக்கி விழுந்தார். உயிர் மிஞ்சியது. இடுப்புக்குக் கீழே எதுவும் மிஞ்சவில்லை. கண்டி ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, இனிமேல் செய்ய ஒன்றும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அதற்கு முன்னால் அவர் வீட்டில் தங்குகிற ஆளே கிடையாது. காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போனால், வேலை முடிந்து கோயில் திடல், கடைத்தெரு, பந்து விளையாடும் இடம் என்று சுற்றிவிட்டுத்தான் வருவார். "இந்த மனுசன் காலுக்கு என்ன சக்கரமா கட்டியிருக்கு" என்று நான் எத்தனை தடவை கத்தியிருக்கிறேன்.

அவரோடு வேலை செய்த கூட்டாளி ஒருவர் கொத்மலைப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனவர், சாய்ந்து கிடந்த மரத்தின் பொந்தில் இந்தக் குஞ்சைக் கண்டு எடுத்து வந்தார். றெக்கை முளைக்காத சதைக் கட்டி. காட்டுக் கிளியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் இருப்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். தயவு செய்து யாரும் போனை எடுத்து என்னைத் திட்டாதீர்கள். அன்றைக்கு அது செத்துப் போகாமல் இருந்ததே பெரிய காரியம்.

எங்கள் பக்கத்துக் குளிருக்கு அது தாங்காது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவர் தன் கம்பளிக்குள்ளேயே வைத்திருந்தார். நான் சோற்றைக் குழைத்துத் தருவேன், அவர் விரல் நுனியில் எடுத்து ஊட்டுவார். றெக்கை முளைத்துச் சத்தம் வந்ததும் அது செய்த முதல் வேலை, விடியுமுன்னே எல்லோரையும் கத்தி எழுப்பியதுதான்.

"கங்காணி மாதிரியே கத்துறான் பாரு" என்றார் அவர். அன்றிலிருந்து அதன் பெயர் கங்காணி. பிறந்ததிலிருந்து வேலை வாங்கும் கங்காணிமார்களிடம் திட்டு வாங்கியவர் அவர். இப்போது படுத்த இடத்திலிருந்தே, "கங்காணி, வாய மூடு. கங்காணி, ஒழுங்கா தின்னு" என்று வாய் நிறைய அதட்டுவார். அதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

மேலே பார்க்காதவர்கள்

வளர்ந்ததும் கம்பிக் கூடு செய்து போட்டோம். கிளி உள்ளே இருந்து கம்பியைக் கடித்துக்கொண்டே இருக்கும். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

"அதத் தொறந்து வுடு புள்ள" என்றார் ஒரு நாள். "நான் படுத்துக் கெடக்குறேன், சரி. அதுவும் படுத்துக் கெடக்கணுமா?"

"வெளிய போனா பருந்து தூக்கிட்டுப் போயிரும்."

"யாரு வெளிய வுடச் சொன்னா? வீட்டுக்குள்ளதான் வுடச் சொல்றேன்."

றெக்கை நுனியைக் கொஞ்சம் வெட்டிவிட்டால் பறக்காது, பத்திரமாக நடந்து திரியும் என்று அந்தக் கூட்டாளி யோசனை சொல்லியிருந்தார். அதையும் சொல்லிப் பார்த்தேன். அவருக்கு வந்ததே கோபம்.

"பத்திரமா கெடக்குறதுக்கு இந்த வீட்டுல நான் ஒருத்தன் போதும்."

கதவைச் சாத்தினேன், ஜன்னலை அடைத்தேன், அடுப்பை மூடினேன், தண்ணீர் வாளியை மூடினேன். ஒரு சின்ன ஓட்டை விடாமல் பார்த்துவிட்டுத்தான் கூட்டைத் திறந்தேன். கங்காணி வெளியே வந்து, கூட்டின் மேல் ஏறி நின்று, உடம்பை ஒரு தரம் சிலிர்த்தது. நேரே மேலே போனது. சுவரின் உச்சியைத் தாண்டிக் காணாமல் போனது.

லயத்தில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பத்துக் காம்பராவுக்கும் ஒரே தகரக் கூரை. நடுவே இருக்கும் சுவர்கள் அந்தத் தகரம் வரைக்கும் போகாது. மேலே ஒரு ஆள் தவழ்ந்து போகிற அளவு இடைவெளி இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் திறந்து கிடக்கும். அதற்குக் கீழேயே பிறந்து, அதற்குக் கீழேயே பிள்ளை பெற்ற நான், வீட்டை அடைப்பதாக நினைத்துக் கதவை மட்டும் அடைத்தேன்.

அந்தப் பக்கம் ராசம்மாவின் குரல் கேட்டது. ஏதோ உருண்டது. கொஞ்ச நேரத்தில் எங்கள் கதவை இடித்தாள். ரொட்டி மாவு அப்பிய கையில் துவாயால் சுற்றிய கங்காணி இருந்தது. வால் நுனி கருகி நாறியது.

"மதினி, கதவப் பூட்டிட்டா கிளி வீட்டுக்குள்ளயே இருந்துரும்னு நெனச்சீங்களா? மேல பாத்தீங்களா, மேல? என் அடுப்புக்குள்ள விழப் பாத்துச்சு. எங்க பொழப்பக் கெடுக்கவா கிளி வளக்குறீங்க?"

எனக்கும் வாய் நீளம்தான். பதிலுக்கு ஏச நான் மூச்சு இழுத்தபோது பின்னால் ஒரு சத்தம். என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். விழுந்ததிலிருந்து நான் கேட்காத சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வழிய, கட்டில் ஆட ஆடச் சிரித்தார்.

"ஒங்களுக்கு முன்னமே தெரியுமா?" என்றேன்.

"நான் நாள் பூரா மேலதானே பாத்துக்கிட்டுக் கெடக்குறேன். தெரியாம இருக்குமா? சொன்னா நீ தொறக்க மாட்டியே."

ராசம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய சண்டை எங்கே போனதோ. கிளியை என் கையில் தந்துவிட்டு, மாவுக் கையைச் சேலையில் துடைத்தாள்.

"அடுத்த தடவ தொறக்குறதா இருந்தா சொவத்துல ஒரு தட்டுத் தட்டுங்கண்ணே. நான் அடுப்ப மூடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

படுத்துக்கொண்டே போய் வந்த ஊர்வலம்

சுவரில் தட்டுவது எங்கள் லயத்தில் புதிதில்லை. யாருக்காவது பிள்ளை வலி கண்டால் தட்டுவோம். பாம்பு வந்தால் தட்டுவோம். காற்று மழைக்குத் தகரம் தூக்கினால் தட்டுவோம். ஆபத்து அவசரத்துக்கென்றே இருந்த தட்டு அது. ஒரு கிளிக்காகத் தட்டியது நாங்களாகத்தான் இருக்கும்.

முதலில் ராசம்மாவின் காம்பராவோடு நின்ற கங்காணி, அடுத்த ஞாயிறு மூன்றாவது காம்பராவுக்குப் போனது. அங்கே ஒரு சண்டை, ஒரு சமாதானம். அதற்கு அடுத்த ஞாயிறு இன்னொன்று. அது போகப் போகத் தட்டும் நீண்டுகொண்டே போனது. கடைக் காம்பராவில் இருந்த கருப்பையா மாமாவுக்குக் காது மந்தம். அவர் காதில் விழுந்து, அவர் எழுந்து, பூனையைத் தேடிப் பிடித்துக் கூடைக்குள் போட்டுவிட்டுப் பதில் தட்டுத் தட்டும் வரைக்கும் நாங்கள் காத்திருக்க வேண்டும். பதில் தட்டு வந்தால் பத்துக் காம்பராவிலும் நெருப்பு மூடியிருக்கிறது, கதவு சாத்தியிருக்கிறது என்று அர்த்தம். அது வராமல் நான் கூட்டைத் திறந்ததே இல்லை.

கங்காணிக்கும் அது பழகிவிட்டது. போகிற தட்டுக்குக் காலை மாற்றி மாற்றி வைக்கும். திரும்பி வருகிற தட்டுக்குக் கழுத்தைச் சாய்த்துச் சுவரைப் பார்க்கும். ராசம்மாவின் அகப்பைச் சத்தம் கேட்டதும் உடம்பைத் தாழ்த்திப் பறக்கத் தயாராகிவிடும்.

பறந்து போன பிறகு என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொள்வார். மேல் இடைவெளி வழியாக ஒவ்வொரு காம்பராவிலிருந்தும் குரல் வரும்.

"இங்க வந்துட்டானண்ணே. வெளக்குக் கம்பியில ஒக்காந்திருக்கான்."

"இந்தா, எங்கள தாண்டிட்டான்."

"மாமா, கங்காணி எங்க சாமிப் படத்து மேல அசிங்கம் பண்ணிட்டாரு. நீங்கதான் வந்து தொடைக்கணும்."

"நான் வர்ற மாதிரிதான் இருக்கேன், வந்துட்டாலும்" என்று இவர் இங்கிருந்து குரல் கொடுப்பார். பத்துக் காம்பராவும் சிரிக்கும். அவர் நிலைமையைச் சொல்லி அவரே சிரித்தது அப்போதுதான். அதுவரைக்கும் அவரைப் பார்க்க வருகிறவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசிவிட்டு, பிஸ்கட் பெட்டியை வைத்துவிட்டுப் போவார்கள். கிளி பறக்க ஆரம்பித்த பிறகு யாரும் குரலைத் தாழ்த்தவில்லை.

திரும்பி வர வேண்டிய நேரம் வந்ததும் இவர் கத்துவார்: "கங்காணி, பெரட்டுக்கு வா." பச்சை மிளகாய்க்கு ஆசைப்பட்டு அது சுவர் உச்சியில் வந்து நிற்கும். பிறகு அவர் நெஞ்சு மேல் இறங்கும்.

"நானும் லயம் பூரா ஒரு சுத்து சுத்திட்டு வந்துட்டேன் புள்ள" என்பார். ஞாயிறு ராத்திரி மட்டும் அவர் நன்றாகச் சாப்பிடுவார்.

தகரம் வரைக்கும் சுவர்

இதையெல்லாம் படித்துவிட்டு லயம் என்ன சொர்க்கம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நினைத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். மழை பெய்தால் வெளியே ஒழுகுவதை விட உள்ளே அதிகம் ஒழுகும். பின்னால் மண் மேடு எப்போது சரியும் என்று பயந்துகொண்டே படுப்போம்.

அந்த மேல் இடைவெளி கிளிக்கு மட்டுமா வழி? ஒரு வீட்டில் கருவாடு சுட்டால் பத்து வீட்டுக்கும் மணக்கும். ஒருவன் குடித்துவிட்டுப் பெண்டாட்டியை ஏசினால் பத்துப் பேரும் கேட்போம். கேட்டும் கேட்காத மாதிரி மறுநாள் முகத்தைப் பார்ப்போம்.

படுத்த ஆளை வைத்திருக்கிறவளுக்கு அது நரகம். அவரைப் புரட்டிப் போட்டுத் துடைக்கும்போது முதுகுப் புண் எரியும். கத்தினால் லயம் பூராக் கேட்கும் என்று துவாயை வாயில் கடித்துக்கொள்வார். அதைப் பார்த்துக்கொண்டே நான் துடைக்க வேண்டும்.

"எனக்கு ஒரு வீடு வேணும் லெச்சு" என்றார் ஒரு நாள். "தகரம் வரைக்கும் சொவரு இருக்கணும். நான் கத்துனா நீ மட்டும்தான் கேக்கணும்."

அதற்குப் பிறகு தனி வீட்டுக்காக நடந்த எந்தக் கூட்டத்தையும் நான் விட்டதில்லை. தோட்டத்துக்கு யார் வந்தாலும் முன்னால் போய் நிற்பேன். சிங்களம் தெரிந்தவர்களிடம் சிங்களத்திலும் தமிழ் தெரிந்தவர்களிடம் தமிழிலும் கத்தினேன். "இந்தப் பொம்பள வந்துருச்சா" என்று தலையில் கை வைத்த ஐயாமார்களும் உண்டு.

வீடு வந்தது. சந்தோஷம்தான், இன்றைக்கும் அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்த வீடு யாருக்கு என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். பக்கத்துப் பக்கத்தில் எழுதித் தாருங்கள் என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வீடு கிடைத்த சந்தோஷத்தில் யார் எங்கே என்று கூடப் பார்க்காமல் கைதட்டினோம். எனக்கு ரோட்டுக்குக் கீழே, ராசம்மாவுக்கு மேட்டின் அந்தப் பக்கம், கருப்பையா மாமாவுக்குப் பாலத்துக்கு அப்பால். லயத்தின் தகரத்தை ஒரே வாரத்தில் கழற்றிவிட்டார்கள்.

புகை பிடித்த சாமான் ஒன்றும் புது வீட்டுக்குள் வரக் கூடாது என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். கரி பிடித்த சட்டி, பானை, அகப்பை எல்லாவற்றையும் லயத்துக்குப் பின்னால் ஓடும் சாக்கடைக் கானில் போட்டேன். டவுனுக்குப் போய்ப் பளபளவென்று சில்வர் சாமான் வாங்கி வந்து குசினியில் தொங்கவிட்டேன்.

குடி போன அன்று என் வீட்டுக்காரர் வேண்டுமென்றே உரக்கக் கத்தினார். வலியில்லை, சும்மாதான்.

"யாருக்காச்சும் கேக்குதா?" என்றார்.

நான் வெளியே எட்டிப் பார்த்தேன். ரோட்டில் ஒரு நாய் போய்க்கொண்டிருந்தது. "நாய்க்குக் கூட கேக்கலங்க" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

கண்ணாடி

புது வீட்டில் என் பெருமையெல்லாம் ஜன்னல்தான். லயத்தில் எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு மர ஜன்னல். அடைத்தால் இருட்டு, திறந்தால் குளிர். இங்கே அடைத்தாலும் வெளிச்சம் வந்தது. முன் அறையில் பெரிய கண்ணாடி. அதை ஒட்டிக் கட்டிலைப் போட்டேன். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவர் மலையைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், கொழுந்து எடுக்கப் போகிறவர்களைப் பார்த்துக் கை காட்டினார். நான் பழைய பேப்பரை நனைத்துத் தினமும் அந்தக் கண்ணாடியைத் துடைத்தேன். கண்ணாடி இருப்பதே தெரியாத மாதிரி துடைத்தேன்.

முதல் ஞாயிறு கங்காணி புது வீட்டில் பறப்பதைப் பார்க்க எல்லோரும் வந்துவிட்டார்கள். கருப்பையா மாமா பாலம் தாண்டி ஊன்றுகோலோடு வந்தார். ராசம்மா ரொட்டி சுட்டு எடுத்து வந்தாள். எங்கள் கூட்டத்தில் கிளியை எப்படிப் பத்திரமாகப் பறக்க விடுவது என்று தெரியாதவர்கள் யாரும் இல்லை. ஆளுக்கு ஒரு மூலையைப் பார்த்தார்கள். ஒருத்தி கேஸ் அடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். ஒருத்தி கக்கூஸ் கதவைச் சாத்தினாள். கதவுக்கு அடியில் இருந்த சந்தில் சாக்கைத் திணித்தார்கள். மேலே பார்த்தோம். பட்ட சூடு மறக்குமா? தட்டையாகச் சீலிங் அடித்திருந்தது, எலி போக இடமில்லை.

ராசம்மா ஜன்னலையும் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை.

"எல்லாம் சரி மதினி. வுடுங்க" என்றாள்.

நான் கூட்டைத் திறந்தேன். எல்லோரும் ஒரே அறையில் இருந்ததால் அன்றைக்கு யாரும் சுவரில் தட்டவில்லை.

ஜன்னல் அடைத்திருக்கிறதா என்று பார்த்தோம். அடைத்த ஜன்னல் வழியாக மலை தெரிகிறதே, மரம் தெரிகிறதே, கிளிக்கு அது திறந்த வெளியாகத்தானே தெரியும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கு ஜன்னல் என்றால் பலகை. அடைத்தால் அடைத்ததுதான்.

கங்காணி லயத்தின் நீளத்துக்கெல்லாம் பறந்து பழகிய வேகத்தில் நேரே அந்த மரத்தைப் பார்த்துப் போனது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. மாங்காய் விழுந்த மாதிரி ஒரு சத்தம். கண்ணாடிக்குக் கீழேதான் அவருடைய கட்டில். அவர் கம்பளி மேல் விழுந்து கால் இரண்டையும் மேலே தூக்கிக் கிடந்தது.

அவர் இரண்டு கையையும் அதைச் சுற்றி வைத்துக்கொண்டார்.

"கங்காணி" என்றார். "ஏய் கங்காணி. பெரட்டுக்கு வா."

பயவெலா

சாகவில்லை. இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் குடித்தது. அட்டைப் பெட்டியில் வைத்து ஹட்டனுக்குக் கொண்டு போனேன். மிருக டாக்டர் சிங்கள ஆள், தங்கமான மனிதர். றெக்கையை விரித்து விரித்துப் பார்த்தார். எலும்பு உடையவில்லை, பறக்கலாம் என்றார். பிறகு அதன் கண்ணைப் பார்த்து, "பயவெலா" என்றார். பயந்து போயிருக்கிறது என்று அர்த்தம். ஜன்னலுக்குத் திரை போடுங்கள், பொறுமையாக இருங்கள், பயம் தெளிந்ததும் தானாகப் பறக்கும் என்று சொல்லி அனுப்பினார்.

நான் வந்து சொன்னதும் என் வீட்டுக்காரர், "கண்ணாடிக்குச் சேலையக் கட்டு" என்றார்.

"ஞாயித்துக்கெழம மட்டும் கட்டலாங்க. மத்த நாளு நீங்க மலையப் பாக்கணும்ல."

"நான் மலையெல்லாம் ஏறிப் பாத்தவன்தான். கட்டு."

என் பழைய சேலை ஒன்று கண்ணாடி மேல் ஏறியது. எத்தனை ஆசையாகத் துடைத்த கண்ணாடி. வீட்டுக்குள் பழையபடி இருட்டு வந்தது. அவர் இப்போது பார்ப்பதற்கு மேலே தகரம் கூட இல்லை. வெள்ளைச் சீலிங்தான்.

கங்காணி பறக்கவில்லை. கூட்டைத் திறந்தால் வெளியே வரும், கூட்டின் மேல் ஏறி நிற்கும், சுவரைப் பார்க்கும், திரும்பி உள்ளே போய்விடும். ஒவ்வொரு ஞாயிறும் இதுதான். முதலில் வந்து பார்த்த சனங்கள் மெல்ல மெல்லக் குறைந்தார்கள். அவரவருக்கு அவரவர் வீடு, தூரம், மழை. யாரையும் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

ராசம்மா மட்டும் அன்றைக்குப் பிறகு ஒரு தடவை கூட எங்கள் வாசலை மிதிக்கவில்லை. கோயிலில் கண்டு கையைப் பிடித்தேன்.

"நான்தானே மதினி எல்லாம் சரின்னு சொன்னேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அண்ணனப் பாப்பேன்?" என்றாள்.

"யாருக்குடி தெரியும்? நம்ம பரம்பரையில யாரு கண்ணாடி ஜன்னல் வச்சிருந்தா?" என்றேன். கையை மெதுவாக உருவிக்கொண்டு போய்விட்டாள். பத்துக் காம்பராவும் கேட்கச் சண்டை போட்டவள், என்னோடு இரண்டு வார்த்தை பேச முடியாமல் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போன ஞாயிறு

போன ஞாயிறு தூறல் விழுந்துகொண்டிருந்தது. வழக்கம் போல ஜன்னல் சேலையை இழுத்துவிட்டு, அடுப்பைப் பார்த்து, கதவைச் சாத்திவிட்டுக் கூட்டைத் திறந்தேன். கங்காணி மேலே ஏறி நின்று கழுத்தைச் சாய்த்தது.

"பயம் இன்னும் தெளியலங்க" என்றேன்.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது பயந்துக்கிட்டு நிக்கல லெச்சு. காத்துக்கிட்டு நிக்கிது."

"எதுக்கு?"

அவர் கையைத் தூக்கித் தலைமாட்டுச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினார். கங்காணி உடம்பைச் சிலிர்த்தது. ஒரு காலை மாற்றி மறு காலை வைத்தது. அந்தத் தவிப்பைப் பார்த்து எத்தனை மாதம். பிறகு சுவர்ப் பக்கம் தலையைச் சாய்த்து அசையாமல் நின்றது.

அவரும் சுவரைப் பார்த்தபடி கிடந்தார். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ராசம்மா இல்லை, காம்பரா இல்லை. ஒரு கான், கொஞ்சம் புல், அதற்கப்பால் ரோடு. அது அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் இரண்டு பேரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. பின் கதவால் இறங்கி, தூறலில் வீட்டைச் சுற்றி ஓடினேன். கானைத் தாண்டி அந்தச் சுவரோடு ஒட்டி நின்று கையால் தட்டினேன். சீமெந்துச் சுவர், தகரம் வரைக்கும் போகிற சுவர், நான் கேட்டு வாங்கிய சுவர். விரல் முட்டிதான் வலித்தது. இன்னும் பலமாகத் தட்டிவிட்டு உள்ளே வந்தேன்.

கங்காணி நின்ற இடத்திலேயே நின்றது. அவர் என் நனைந்த தலையைப் பார்த்தார்.

"ஏன் புள்ள மழையில போற?" என்றார். குரலில் கோபம் இல்லை. "ராசம்மா கையால தட்ட மாட்டா. அகப்பையில தட்டுவா. அந்தச் சத்தம் கேட்டாத்தான் அது பறக்கும்."

நான் ஈரச் சேலையோடு குசினிக்குள் போய் அகப்பையைத் தேடினேன். வரிசையாகச் சில்வர் கரண்டிகள்தான் தொங்கிக்கொண்டிருந்தன.

முன் அறையில் அவர் மறுபடியும் சுவரில் தட்டுகிற சத்தம் கேட்டது.